கேட்டு மூடியிருக்கும்போது

நூற்றுப் பதினான்கு கேள்விகள்.
டேப்லெட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு.
ஒரு வீட்டுக்கு எண்பது ரூபாய்,
பூட்டிய வீட்டுக்கு ஒன்றுமில்லை.
கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
நான்கு தெருக்கள் என் பங்கு.

முதல் பகுதியின் தலைப்பு: குடியிருப்பின் நிலைத்தன்மை.
அதை வாயால் எப்படிக் கேட்பது என்று
பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.
"இந்த ஏரியா நிலைக்குமாங்க?" என்றேன் தேசம்மாவிடம்.
இடுப்புக் குடத்தை இறக்காமலே கேட்டாள்:
"இன்னா, எங்களையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப் போறீங்களா?"

கார் உண்டா. இல்லை.
ஏசி. இல்லை.
விமானத்தில் போனது கடைசியாக எப்போது?
அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.
ஒவ்வோர் இல்லைக்கும்
ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது.
இல்லாமையை இப்படித் தட்டிக்கொடுக்கும் ஒரு பொருளை
நான் அதுவரை கையில் பிடித்ததில்லை.

எத்திராஜ் வீட்டில் குப்பைப் பகுதி.
மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிக்கிறீர்களா?
கொடுங்கையூர் மேட்டில் பத்தொன்பது வருடம் பிரித்தவர்.
எரிந்த ஒயரில் செம்பா அலுமினியமா என்று
இருட்டில் எடையை வைத்தே சொல்வாராம்.
"எந்தக் குப்பைம்மா," என்றார், "எங்களுதா, உங்களுதா?"
திரையில் ஆம், இல்லை இரண்டுதான் இருந்தன.

பசுமைப் பரப்பு, தலைக்கு எத்தனை சதுர மீட்டர்.
பெயிண்ட் டப்பாவில் ஓமவல்லி.
தண்டவாளத்தை ஒட்டி
யாரும் நடாத சீமைக்கருவேலம்.
அதை எண்ணலாமா என்று மேலாளருக்குப் போன் போட்டேன்.
மரமா, புதரா? என்றார்.
முன்னங்கால்களை அதன்மேல் ஊன்றி ஓர் ஆடு
உச்சிக் கிளையைத் தின்றுகொண்டிருந்தது.
புதர் என்றேன்.

காற்றைப் பற்றி பிலோமினாவிடம் கேட்டபோது
அவள் ஜன்னலைத்தான் பார்த்தாள்.
மணலிப் பக்கமிருந்து திரும்பினால் சாத்துவாள்,
கடல் பக்கமிருந்து வந்தால் திறப்பாள்.
ராத்திரியில் தூக்கத்திலேயே கை போகுமாம்.

கேள்வி அறுபத்தெட்டு.
மருத்துவமனைக்கு நடந்து போக எத்தனை நிமிடம்?
"கேட்டு தொறந்திருந்தா பன்னெண்டு."
"மூடியிருந்தா?"
"அத கூட்ஸ் வண்டியத்தான் கேக்கணும்."
வாசலில் சட்டையில்லாமல் நின்ற பையனைக் காட்டினாள்.
"இவன் ஆட்டோலயே பொறந்தான், கேட்டாண்ட.
டிரைவர்தான் துணி புடிச்சாரு."
பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் ஆல்வின்.
தெருவில் அவன் பெயர் கேட்டு.

எண் மட்டும் உள்ளிடவும் என்றது திரை.
பன்னிரண்டு போட்டேன்.

ஆறு மணிக்கு முடித்து வந்தால் கேட்டு மூடியிருந்தது.
நிலக்கரி வண்டி, பாதி வழியில் படுத்துவிட்டது.
எழுபத்தொன்று என்று வந்தது மதிப்பெண். பச்சை.
போன மாதம் அண்ணா நகரில் நான் எடுத்த தெருவுக்கு நாற்பத்தாறு,
அத்தனை தூங்குமூஞ்சி மரங்கள் இருந்தும்.
இதில் பொய் எதுவும் இல்லை.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வேகன்களுக்கு அடியில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்:
பிரியாணி அண்டாவை உருட்டிக்கொண்டு ஒருவர்,
செருப்பைக் கையில் பிடித்த நர்ஸ் பெண்,
சைக்கிளைப் படுக்க வைத்து இழுத்த இருவர்.
பதின்மூன்று நிமிடம் ஆனது. பிறகு இருபது.
பிற குறிப்புகள் என்ற கட்டத்தில்
எழுத ஆரம்பித்தேன்: கேட்டு மூடியிருக்கும்போது இந்தத் தெரு
எழுத்து வரம்பு முடிந்தது என்றது.

"அக்கா, குனிஞ்சு வாங்க. இப்ப நவுறாது."
அந்தப் பையன்தான், அந்தப் பக்கத்திலிருந்து, இப்போது சட்டையோடு.
"உனக்கு எப்படித் தெரியும்?"
"நவுறதுக்கு முன்னாடி கடைசி பொட்டிலேந்து
தடதடன்னு ஒரு சத்தம் வரும்க்கா. கேட்டுட்டே வாங்க."

டேப்லெட்டை முதலில் அவனிடம் நீட்டினேன்.
பிறகு முட்டி போட்டு,
கேட்டுக்கொண்டே.